கைப்பிடி

செவ்வாய், வெள்ளி,
காரைக்குடி செக்காலை ரோட்டில், மாடியில்,
மூன்றாம் கட்டில் எனக்கு.
இடக்கையில் இரண்டு ஊசி.
தலைமாட்டில்
என் பிழைப்பே சுற்றிக்கொண்டிருக்கிறது.

புதுவயல் அரிசி ஆலைகளில் கேட்டுப் பாருங்கள்,
ட்யூப் பம்பு சொர்ணலிங்கம் என்றால் தெரியும்.
நெல் ஊறிய கழிவுநீருக்குச்
சுண்ணாம்புப் பால் ஊட்டுகிற பம்புகள்
பதினேழு, என் கணக்கில்.
மற்ற பம்புகள் சுண்ணாம்பைக் குடித்துச் சாகும்,
வால்வு அடைத்து, இம்பெல்லர் தேய்ந்து.
இது குடிப்பதே இல்லை.
குழாய்க்கு வெளியே நின்று
நசுக்கிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான்.

மில்காரர் மெய்யப்பன் ஒருநாள்
மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்:
வளைந்த ஒரு ரப்பர் குழாய்,
அதன்மேல் ஓடும் இரண்டு உருளை.
"இதுல பம்பு எங்கய்யா இருக்கு?"

பாக்கெட் ஐஸைப் பிள்ளைகள்
விரலால் வழித்து வழித்துத் தின்பார்களே,
அதுதான் என்றேன்.
முதல் விரல் எடுக்குமுன்
இரண்டாம் விரல் பின்னால் பிடித்துவிடும்.
வந்தது திரும்ப வழியில்லை.
விரல் தாண்டிய இடத்தில்
நசுங்கிய குழாய் நிமிர்ந்து மூச்சு வாங்கும்.
அந்த மூச்சுக்குத்தான்
தொட்டியிலிருந்து அடுத்த வாய் ஏறி வருகிறது.
"காலையில நீங்க சாப்பிட்ட இட்லியும்
இப்படித்தான் போயிட்டிருக்கு."
அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.
மாதம் தவறாமல் குழாய்க் காசுக்கு மட்டும் முனகுவார்.

இங்கே சுண்ணாம்பு இல்லை.
வலக்கை விரலால் குழாயைத் தொடுகிறேன்,
இளஞ்சூடு.
என் சூடு.

உருளையை இறுக்கினால் குழாய் சீக்கிரம் கிழியும்,
தளர்த்தினால் உள்ளே பின்வழியும்:
ஆலையில் இதைக் காதாலேயே பார்ப்பேன்.
ரத்தமென்றால் இன்னொன்றும் உண்டாம்,
அதிகம் நசுக்கினால் அணுக்கள் உடையும்.
"ரெண்டாவது உருளை லேசாத் தட்டுதும்மா."
ஜெசிந்தா சிரித்தாள்:
"அண்ணே, இங்கயாச்சும் படுத்துத் தூங்குங்க."

ஐப்பசி மழை. நாலே கால்.
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது.
மற்ற மூன்றும் பேட்டரியில் ஓட,
என் மெஷின் மட்டும்
ஒரு நீண்ட கூவலோடு நின்றது.
ஆழாக்குக்குக் கொஞ்சம் மேலே ரத்தம்
எனக்கு வெளியே,
எங்கும் போகாமல்.

நின்ற ரத்தம் உறையும். எனக்குத் தெரியும்.
டார்ச்சைக் கடித்தபடி அவள் வந்தாள்.
ஒரு குழாயைக் கவ்வி, சலைனைத் திறந்து,
கீழே மூடியிருந்த கிளாம்பிலிருந்து
மற்றொன்றை விடுவித்தாள்.
பம்பின் முகத்தில் மடங்கியிருந்த
சின்னக் கைப்பிடியை நிமிர்த்தினாள்.
அதற்குள் முதல் கட்டில் உமையாளுக்குக் குமட்டல்,
ஓங்கரிக்கிற சத்தம்.
அவள் அங்கே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் சுத்துறேன்."
"அம்புக்குறி பார்த்து. மெதுவா.
காத்துக் குமிழி தெரிஞ்சா உடனே நிறுத்திடணும்."

சுற்றினேன்.
பதினேழு பம்புக்கும் மோட்டார் மாட்டியவன்
முதன்முறையாக மோட்டாரானேன்.
உருளை ஏறுமிடத்தில் சிறு கனம்,
இறங்குமிடத்தில் சிறு இலேசு.
தட்டுகிற இரண்டாவதும் தட்டியது,
நான் சொன்னது சரிதான்.
வலக்கையிலிருந்து கிளம்பி
இடக்கை வழியாக
வந்துகொண்டிருந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் குழாய்
சிவப்பு, பிறகு ரோஸ்,
பிறகு அரிசி கழுவிய தண்ணீர்.

ஜெசிந்தா திரும்பி வந்து கிளாம்பைப் பூட்டினாள்.
பதிவேட்டில் நேரம் குறித்தாள்.
இயக்கியவர் என்ற கட்டத்தில்
தன் பெயரையே எழுதினாள்,
நோயாளி பெயர் எழுத விதியில்லையாம்.

சனிக்கிழமை, தோள் வலியோடு,
மெய்யப்பன் மில்லில் குழாய் மாற்றினேன்.
பழையதைக் குப்பையில் போடுமுன்
நடுவில் ஒருமுறை
நசுக்கி விட்டுப் பார்த்தேன்.

நிமிர்ந்தது,
கொஞ்சம் யோசித்துவிட்டு.